வண்டிய முறுக்கினா யாரு யாரை முறுக்குறா? கியர், டார்க், சேத்துல மாட்டுன ஒரு டிராக்டர்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னிக்கு எபிசோடுக்கு கையில ஒரு பேப்பரும் பேனாவும் இருந்தா நல்லது. மெட்ரோல நின்னுக்கிட்டே கேக்குறீங்கன்னா ரெண்டு கை முஷ்டியும் போதும். வண்டி ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க மட்டும் முஷ்டிய ஹேண்டில்பார்லயே வச்சிருங்க.

கேள்வி இதுதான். ரெண்டு கியர் ஒண்ணோட ஒண்ணு கோர்த்து இருக்கு. முதல் கியர் வலஞ்சுழியா சுத்துது. ரெண்டாவது கியர் மேல இருக்குற டார்க் எந்தப் பக்கம்? ஒருத்தர் வலஞ்சுழிம்பார், இன்னொருத்தர் இடஞ்சுழிம்பார். யாரு சொல்றது சரி?

(வலஞ்சுழி, இடஞ்சுழி ஸ்கூல்ல படிச்சதோட மறந்து போச்சா? கோயில் பிரகாரத்தை மேல இருந்து பாத்தா நாம சுத்துற பக்கம் வலஞ்சுழி. கடிகார முள் போற பக்கம்.)

ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்கலாம். ஏன்னா கேள்வியில ஒரு விஷயம் குறையுது. "500 ரூபா கடன் இருக்கு"ன்னு யாராவது சொன்னா, அடுத்து நாம என்ன கேப்போம்? யாரு யாருக்குத் தரணும்னு கேப்போம். டார்க்கும் அப்படித்தான். அது ஒரு பொருளோட குணம் கிடையாது, ஒண்ணு இன்னொண்ணுக்குக் கொடுக்குறது. யாரு கொடுக்குறா, யாருக்குக் கொடுக்குறான்னு சொல்லாம "எந்தப் பக்கம்"னு கேட்டா அதுக்குப் பதிலே கிடையாது.

பாடப்புத்தகத்துல இதை முறுக்குவிசை, திருப்புவிசைன்னு சொல்லுவாங்க. எனக்கு முறுக்குங்கிற சொல்தான் பிடிக்கும். "வண்டிய முறுக்குடா"ன்னு நாம சொல்றப்போ முறுக்குறது என்னவோ ஆக்ஸிலரேட்டரைத்தான். ஆனா அந்த முறுக்கு அங்கேருந்து கிளம்பி சக்கரம் வரைக்கும் போற வழியில யாரு யாரை முறுக்குறாங்கிறதுதான் இன்னிக்குக் கதை.

பல்லோட பல்லு மோதுற இடம்

பேப்பர்ல இடது பக்கம் ஒரு சின்ன வட்டம் போடுங்க, 20 பல் இருக்குற சின்ன கியர். இதைப் பினியன்னு சொல்லுவோம். அதை ஒட்டி வலது பக்கம் ஒரு பெரிய வட்டம், 60 பல். மாட்யூல் 2 மில்லிமீட்டர்னு வச்சுக்கலாம். பல் எண்ணிக்கையை மாட்யூலால பெருக்கினா பிட்ச் வட்டத்தோட விட்டம் வரும். பினியனுக்கு 40, பெருசுக்கு 120. ஆரம் 20 மில்லிமீட்டரும் 60 மில்லிமீட்டரும். இந்த ரெண்டு நம்பரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வரும்.

ஒரு மோட்டார் பினியன் ஷாஃப்ட்டைப் பிடிச்சு வலஞ்சுழியா 10 நியூட்டன் மீட்டர் முறுக்குது. பினியனோட வலது ஓரத்துல இருக்குற பல் எந்தப் பக்கம் போகும்? கடிகாரத்துல 3 மணி இருக்குற இடம். முள் அங்க கீழ் நோக்கிப் போகும். அப்போ பினியன் பல், பெரிய கியரோட பல்லைக் கீழே தள்ளுது.

எவ்வளவு விசையோட? டார்க்கை ஆரத்தால வகுத்தாப் போதும். 10-ஐ 0.02-ஆல வகுத்தா 500 நியூட்டன். கிட்டத்தட்ட 50 கிலோ மூட்டையோட கனம், ஒரு பல் மேல.

இப்போ பெரிய கியர் பக்கம் போவோம். அதுக்கு இந்தத் தள்ளு இடது ஓரத்துல, 9 மணி இருக்குற இடத்துல, கீழ் நோக்கி விழுது. இடது ஓரத்தைக் கீழே தள்ளினா வட்டம் இடஞ்சுழியாத்தான் திரும்பும். அதே 500 நியூட்டன், ஆனா ஆரம் 60 மில்லிமீட்டர். பெருக்கினா 30 நியூட்டன் மீட்டர். டார்க் மூணு மடங்காச்சு. வேகம் மூணுல ஒரு பங்கா குறையும், அதனால பவர் அப்படியே இருக்கும். உராய்வுல போறதை இப்போதைக்கு விட்டுடுவோம்.

நிறைய பேர் இங்கேயே நிறுத்திடுவாங்க. பெரிய கியர் மேல இடஞ்சுழியா 30, அவ்வளவுதான்னு. ஆனா நியூட்டனோட மூணாவது விதி ஒண்ணு இருக்கே. பினியன் பல் பெரிய கியரைக் கீழே 500-ல தள்ளுனா, பெரிய கியர் பல் பினியனை மேல 500-ல தள்ளும். அது பினியனுக்கு இடஞ்சுழியா 10. அதாவது பினியன் மேல மோட்டார் கொடுக்குறது வலஞ்சுழி 10, பெரிய கியர் கொடுக்குறது இடஞ்சுழி 10. கூட்டினா பூஜ்யம். பெரிய கியர் மேல பினியன் கொடுக்குறது இடஞ்சுழி 30. அது எதை இழுத்துக்கிட்டு ஓடுதோ அந்த லோடு கொடுக்குறது வலஞ்சுழி 30. இதுவும் பூஜ்யம்.

"பூஜ்யம்னா எப்படி சுத்தும்?" சுத்தும். சீரான வேகத்துல சுத்துறதுக்கு நிகர டார்க் பூஜ்யமாத்தான் இருக்கணும். வேகம் கூடணும்னாலோ குறையணும்னாலோதான் பாக்கி ஏதாவது வேணும். ஆரம்பத்துல வந்த சண்டைக்குத் தீர்ப்பும் இதுதான். பினியன் கொடுத்ததைக் கேட்டா இடஞ்சுழி, லோடு கொடுத்ததைக் கேட்டா வலஞ்சுழி.

இன்னொரு குழப்பமும் இங்கேயே தீர்த்துடலாம். சுத்துற பக்கமும் டார்க்கோட பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. ரெண்டும் ஒரே பக்கம்னா அந்த இடத்துல பவர் உள்ள வருது. எதிர் எதிர்னா பவர் வெளிய போகுது. பைக்ல மூணாவது கியர்ல போய்க்கிட்டு இருக்கீங்க, திடீர்னு ஆக்ஸிலரேட்டரை விடுறீங்க. எல்லா கியரும் அதே பக்கம்தான் சுத்துது, ஆனா இப்போ சக்கரம்தான் எஞ்சினை இழுக்குது. டார்க் எல்லாம் தலைகீழ். இதுவரைக்கும் பல்லோட முன்பக்கம் தள்ளிக்கிட்டு இருந்துச்சு, இப்போ பின்பக்கம் போய் முட்டுது. ரெண்டு பல்லுக்கும் நடுவுல விட்டு வச்சிருக்குற மயிரிழை இடைவெளியைக் கடந்து போய் முட்டுற சத்தம்தான் அந்த 'டக்'. டிராஃபிக்ல மெதுவா ஊர்றப்போ, முறுக்கி விட்டு முறுக்கி விட்டு ஓட்டுனா வண்டி 'டக்கு டக்கு'ன்னு உலுக்குறதுல இதுக்கும் பங்கு இருக்கு. செயின் தொய்வும் சேர்ந்துக்கும்.

பல் நேராக் கீழே மட்டும் தள்ளாது, கொஞ்சம் சாய்ச்சுத் தள்ளும். இன்னிக்குப் பெரும்பாலான கியர்ல அந்தச் சாய்வு 20 டிகிரி. அதனால 500-ஓட கூட, ரெண்டு கியரையும் விலக்கப் பாக்குற விசை ஒண்ணும் வரும். 500-ஐ 20 டிகிரியோட டேன் மதிப்பால பெருக்கணும், சுமார் 182 நியூட்டன். இது நேரா மையத்தை நோக்கிப் போறதால டார்க்ல ஒரு பைசா சேராது. ஆனா ஷாஃப்ட்டை வளைக்கும், பேரிங்கை அழுத்தும்.

பல்லையே சாய்வா வெட்டியிருந்தா, அதாவது ஹெலிக்கல் கியர்னா, ஷாஃப்ட்டோட நீளவாக்குலயும் ஒரு தள்ளு வரும். 30 டிகிரி சாய்வுன்னா நம்ம 500-க்கு சுமார் 289 நியூட்டன். எஞ்சின் இழுக்குறப்போ ஒரு பக்கம், ஆக்ஸிலரேட்டரை விட்டா அப்படியே எதிர்ப்பக்கம். அதனால ரெண்டு பக்கமும் தாங்குற மாதிரி பேரிங் போடணும். ஹெலிக்கல் எதுக்குன்னா, சத்தம் குறைவு. மேனுவல் கார்ல ரிவர்ஸ் போட்டா மட்டும் 'ஙொய்ய்ங்'னு ஒரு ஊளைச் சத்தம் கேக்கும்ல? நிறைய கார்ல ரிவர்ஸுக்கு மட்டும் நேர்ப்பல் கியர் வச்சிருப்பாங்க, அதான்.

பெட்டியை யாரு பிடிச்சுக்கிறா?

இப்போதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது.

நம்ம ரெண்டு கியரும் ஒரு பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டியை நாலு போல்ட் போட்டு ஒரு மேசையில இறுக்கியிருக்கோம். மோட்டார் மேசையில தனியா இருக்கு, லோடும் தனியா இருக்கு. கேள்வி: அந்த நாலு போல்ட்டும் எவ்வளவு டார்க்கைத் தாங்குது, எந்தப் பக்கம்?

சட்டுன்னு கேட்டா "30 போச்சு, 10 வந்துச்சு, 20-ஆ இருக்கும்"னு சொல்லத் தோணும். கணக்கு போட்டுப் பாப்போம். பெட்டியைச் சுத்தி ஒரு கோடு போடுங்க. வெளிய இருந்து உள்ள வர்ற டார்க்கை மட்டும் எண்ணுங்க. மோட்டார் கொடுக்குறது வலஞ்சுழி 10. லோடு கொடுக்குறது, மேல பாத்தோமே, அதுவும் வலஞ்சுழி 30. ரெண்டும் ஒரே பக்கம்! கூட்டினா 40. பெட்டி வலஞ்சுழியா உருளப் பாக்கும், போல்ட் இடஞ்சுழியா 40 கொடுத்துப் பிடிச்சு வைக்கணும். 20-ஐ நம்பி போல்ட் போட்டவருக்குப் பாதிதான் கிடைச்சிருக்கு.

நம்பிக்கை வரலைன்னா உள்ள இருந்து சரிபாருங்க. பினியனைப் பெரிய கியர் மேல 500-ல தள்ளுது. பினியன் அதை ஷாஃப்ட்டுக்குக் கொடுக்கும், ஷாஃப்ட் பேரிங்குக்கு, பேரிங் பெட்டிக்கு. அதனால பெட்டியோட இடது பக்கம் 500 நியூட்டன்ல மேல தூக்கப்படுது. அதே மாதிரி வலது பக்கம் 500-ல கீழ அழுத்தப்படுது. ரெண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுவுல தூரம் 20-ம் 60-ம் சேர்த்து 80 மில்லிமீட்டர். 500-ஐ 0.08-ஆல பெருக்குங்க. 40. அதே வலஞ்சுழி. கோடிங்ல ரெண்டு வேற வேற வழியில ஒரே விடை வந்தா ஒரு நிம்மதி வரும்ல, அதே நிம்மதி.

இந்தக் காட்சியை மனசுல ஒரு படமா வச்சுக்கோங்க: பினியன் பெரிய கியர் மேல ஏறப் பாக்குது. பெரிய கியர் அசைய மறுத்தா பினியன் அதோட பல்லைப் பிடிச்சு ஏணியில ஏறுற மாதிரி ஏறும், பேரிங்கும் பெட்டியும்தான் அதைத் தடுத்து வச்சிருக்கு. டிராக்டர் கதைக்கு இது வேணும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. ரெண்டு கியருக்கும் நடுவுல இன்னொரு 20 பல் கியர் வைங்க. இதை ஐட்லர்னு சொல்லுவாங்க. கார்ல ரிவர்ஸுக்கு இதுதான் வேலை செய்யுது, சுத்துற பக்கத்தை மாத்துறதுக்கு. டார்க் விகிதம் மாறாது, அதே 10-க்கு 30. பினியன் ஐட்லரை இடது ஓரத்துல கீழ தள்ளும். ஐட்லர் இடஞ்சுழியா சுத்தி, வலது ஓரத்துல பெரிய கியரை மேல தள்ளும். பெரிய கியர் பதிலுக்கு ஐட்லரைக் கீழ தள்ளும். கவனிங்க, ஐட்லர் மேல ரெண்டு தள்ளும் கீழ்நோக்கி. டார்க்னு பாத்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிச்சு, பூஜ்யம். ஆனா அதோட ஷாஃப்ட் மேல 500-ம் 500-ம் சேர்ந்து 1000 நியூட்டன். 'சும்மா நடுவுல நிக்குது'ன்னு நெனச்சு சின்ன பேரிங்கா போட்டா, முதல்ல போறது அதுதான். ஆபீஸ்ல ரெண்டு டீமுக்கு நடுவுல மெயில் ஃபார்வர்டு பண்றவர் மாதிரி. அவர் கணக்குல எந்த வேலையும் ஏறாது, அடி மட்டும் ரெண்டு பக்கமும் விழும்.

ஐட்லர் வந்ததும் பெட்டிக்கு என்ன ஆச்சு? மோட்டார் வலஞ்சுழி 10. இப்போ பெரிய கியர் வலஞ்சுழியா சுத்துது, அதனால லோடு எதிர்க்குறது இடஞ்சுழி 30. மிச்சம் இடஞ்சுழி 20. ஒரே ஒரு கியரை நடுவுல செருகினதுக்கு போல்ட் மேல வர்ற டார்க் 40-லேருந்து 20 ஆகி, பக்கமும் மாறிப்போச்சு.

கோட்டை எங்க போடுறோம்?

மேல சொன்ன கணக்குல மோட்டார் பெட்டிக்கு வெளிய தனியா இருந்துச்சு. அதையும் பெட்டியோட சேர்த்து ஒரே உடம்பா ஆக்கிட்டா? மோட்டார் பினியனை வலஞ்சுழியா 10 முறுக்குறப்போ, பினியன் மோட்டாரோட உடம்பை இடஞ்சுழியா 10 முறுக்கும். ரெண்டும் இப்போ கோட்டுக்குள்ளேயே நடக்குது, கழிஞ்சு போகும். வெளிய இருந்து வர்றது லோடு ஒண்ணுதான். அப்போ மொத்த மெஷினையும் பிடிச்சு வைக்க வேண்டிய டார்க், வெளிய போற டார்க் மட்டுமே. உள்ள எத்தனை கியர், எந்தப் பக்கம் சுத்துது, ஐட்லர் இருக்கா இல்லையா, எதுவும் தேவையில்ல.

வீட்டுல இருக்குற பேட்டரி டிரில்லிங் மெஷின் இதுதான். மோட்டாரும் கியரும் ஒரே கூட்டுக்குள்ள. பிட் சுவத்தை எவ்வளவு முறுக்குதோ, அதே அளவு உங்க மணிக்கட்டை எதிர்ப்பக்கம் முறுக்கும். சாதாரணமாத் தெரியாது. உள்ள கம்பியில போய் பிட் மாட்டுச்சுன்னா தெரியும். பிட் நின்னுடும், மெஷின் சுத்தும். 60 நியூட்டன் மீட்டர் கொடுக்குற மெஷின்னு வைங்க, கை அச்சுலேருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தா 400 நியூட்டன் அடி. 40 கிலோ. பக்கவாட்டுக் கைப்பிடி ஒண்ணு டப்பாவுக்குள்ளேயே கிடக்கும்ல? அதை மாட்டி 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சா 200 நியூட்டன்தான். தயவுசெஞ்சு மாட்டுங்க.

அந்த மெஷின் கழுத்துல 1, 2, 3-ன்னு எண் போட்ட ஒரு வளையம் இருக்கும். அதுவும் இதே கதைதான். உள்ள இருக்குறது பிளானட்டரி கியர். நடுவுல சூரியன்னு ஒரு சின்ன கியர், சுத்தி வெளிய உள்பக்கம் பல் வச்ச வளையம், நடுவுல ஓடுற கிரகங்கள், அதுங்களைத் தாங்குற ஒரு சட்டம். ஒரு அடுக்கை மட்டும் எடுத்துக்கலாம். சூரியனுக்கு 12 பல், வளையத்துக்கு 48 பல். வளையத்தை அசையாம பிடிச்சா சட்டம் வழியா 5 மடங்கு டார்க் வெளிய வரும். உள்ள வலஞ்சுழி 1, லோடு இடஞ்சுழி 5. கணக்கு நேராகணும்னா மீதி 4-ஐ யாராவது வலஞ்சுழியாக் கொடுக்கணும். அது வளையத்தைப் பிடிச்சிருக்குறவர் வேலை. வளையம் எப்பவும் பின்னால நழுவப் பாத்துக்கிட்டே இருக்கும். நிறைய மெஷின்ல அதைப் பிடிச்சிருக்குறது ஒரு ஸ்பிரிங்கும் சில குண்டுகளும்தான். நீங்க எண்ணைக் கூட்டினா ஸ்பிரிங் இறுகும். ஸ்க்ரூ முழுசா இறங்கி லோடு ஏறினதும் அந்த 4-ஐ ஸ்பிரிங்கால தாங்க முடியாது. வளையம் குண்டு மேல ஏறி ஏறி இறங்கி நழுவும். 'டர்ர்ர்'னு கேக்குறது அதுதான். எதிர்வினை டார்க்கையே அளவுகோலா வச்சு வேலை வாங்குறாங்க. எனக்கு இது ரொம்ப அழகான டிசைனாத் தெரியுது.

பிட் மாட்டினா மெஷின் சுத்தும். சக்கரம் மாட்டினா?

டிராக்டருக்கு வருவோம். நம்மள்ல பாதிப் பேருக்கு ஊர்ல டிராக்டர் ஓட்டுற சித்தப்பாவோ மாமாவோ இருப்பாங்க. அதனால இதைக் கொஞ்சம் நிதானமாப் பேசணும்.

டிராக்டர்ல தனியா சேஸிஸ்னு கிடையாது பெரும்பாலும். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு போல்ட் போட்டு ஒரே உடம்பு. அப்போ நாம போட்ட கோட்டுக்கு வெளிய இருக்குறது பின் சக்கரம் மட்டும்தான். அச்சு சக்கரத்தை முன்னால உருள எவ்வளவு முறுக்குதோ, அதே அளவு முழு டிராக்டரையும் பின்னால முறுக்கும். எந்தப் பக்கம்? டிராக்டர் வலது பக்கம் பாத்து நிக்குற மாதிரி வரைஞ்சுக்கோங்க. சக்கரம் வலஞ்சுழி. உடம்பு மேல வர்றது இடஞ்சுழி. அதாவது மூக்கு மேல தூக்கும். பினியன் கியர் மேல ஏறப் பாக்குதுன்னு சொன்னேனே, இங்க பினியனோட சேர்ந்து எஞ்சின், போனட், ஸ்டீயரிங், ஓட்டுறவர் எல்லாரும் ஏறுறாங்க.

எவ்வளவு ஏறும்? ரவுண்டா நம்பர் போடுவோம். 50 எச்பி டிராக்டர், எடை 2000 கிலோ. முன் சக்கரத்துல 800, பின் சக்கரத்துல 1200. ரெண்டு அச்சுக்கும் நடுவுல 2 மீட்டர். மூக்கைக் கீழ அழுத்தி வச்சிருக்குறது அந்த 800 கிலோ. 800-ஐ 9.8-ஆலயும் 2-ஆலயும் பெருக்கினா சுமார் 15,700 நியூட்டன் மீட்டர். இதைத் தாண்டினா மூக்கு தூக்கும்.

எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் கொடுக்குது. லோ ஃபர்ஸ்ட்ல மொத்தக் குறைப்பு விகிதம் 200-ன்னு வச்சுக்கலாம், நடக்குற வேகத்தை விட மெதுவா ஊர்ற கியர் அது. பெருக்கினா 40,000. உராய்வுக்கு 15 சதவீதம் கழிச்சா 34,000. தேவைக்கு ரெண்டு மடங்குக்கு மேல!

அப்போ ஏன் எல்லா டிராக்டரும் தினமும் கவிழல? ஏன்னா சக்கரம் அவ்வளவு டார்க்கை வாங்காது, அதுக்கு முன்னாடியே வழுக்கிடும். பிடிப்பு 0.6, சக்கரத்தோட ஆரம் 0.7 மீட்டர்னா, 1200 கிலோவுக்கு சுமார் 4,900-தான். மொத்த எடையும் பின்னால வந்தாக்கூட 8,200 பக்கம். 15,700-ஐத் தொடாது. டிராக்டரைக் காப்பாத்துறது வழுக்கல்தான்.

இப்போ அதே வண்டி நெல் வயல்ல, சேத்துல, பின் சக்கரம் பாதி அளவு புதைஞ்சு நிக்குது. சேறு உழ மாட்டுற இரும்பு கேஜ் வீல் இருந்தா இன்னும் இறுக்கமா மண்ணைக் கவ்வியிருக்கும். வெளிய வர, ஒரு மரக்கட்டையைக் குறுக்கால வச்சு பின் சக்கரத்தோட சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டுவாங்க. கட்டை சேத்துல ஊணிக்கிட்டா சக்கரம் இனி வழுக்காது. அதாவது டிராக்டரைக் காப்பாத்திக்கிட்டு இருந்த ஒரே விஷயத்தை நாமளே கட்டிப் போட்டுட்டோம். ஃபர்ஸ்ட் கியர், ஆக்ஸிலரேட்டர் முழுசா, கிளட்ச்சைப் படார்னு விட்டாச்சு. சுத்திக்கிட்டிருந்த ஃப்ளைவீல்ல இருக்குற சக்தியும் அந்த நொடியில சேர்ந்துக்கும். சக்கரம் சுத்தலைன்னா உடம்பு சுத்தும்.

இதுல கொடுமை என்னன்னா, தூக்க ஆரம்பிச்சா அப்புறம் சுலபமாயிடும். ஆரம்பத்துல டிராக்டரோட எடை மையம் பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் முன்னால இருக்கு. மூக்கு மேல போகப் போக அந்தத் தூரம் சுருங்கிட்டே வரும், தேவைப்படுற டார்க் குறைஞ்சுக்கிட்டே வரும், எஞ்சின் கொடுக்குறது அப்படியே இருக்கும். எடை மையம் அச்சைத் தாண்டிட்டா கிளட்ச்சை மிதிச்சும் பிரயோஜனம் இல்ல. கிளம்பி முக்கால் செகண்டுல திரும்ப முடியாத நிலை, ஒன்றரை செகண்டுல முழுசாக் கவிழ்ந்துடும்னு பாதுகாப்புப் பயிற்சியில சொல்லுவாங்க. "என்ன ஆச்சு"ன்னு புரிஞ்சு கால் கிளட்ச்சுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடும்.

இது புதுசா கண்டுபிடிச்ச ஆபத்து இல்ல. 1917-ல ஹென்றி ஃபோர்டு கொண்டு வந்த ஃபோர்ட்சன் டிராக்டர், விலை குறைவு, எடையும் குறைவு. லட்சக்கணக்குல வித்துச்சு. கலப்பை பாறையிலோ வேர்லயோ மாட்டினா பின்னால கவிழ்றதுக்கும் பேர் போனது. அந்தக் காலத்துல கலப்பையைச் சங்கிலியோ கொக்கியோ போட்டு வெறுமனே பின்னால இழுத்துக்கிட்டுப் போவாங்க. ஹாரி ஃபெர்குசன்னு அயர்லாந்துக்காரர் ஒருத்தர், கலப்பையை மூணு புள்ளியில டிராக்டரோட இணைச்சார். கீழ ரெண்டு கை, மேல ஒரு கை. கலப்பை மாட்டினா கீழ்க் கைகள் அச்சுக்குக் கீழ பின்னால இழுக்கும், மேல் கை அச்சுக்கு மேல முன்னால தள்ளும். நம்ம படத்துல போட்டுப் பாருங்க: ரெண்டும் வலஞ்சுழி. மூக்கைக் கீழ அழுத்துது! ஆபத்தா இருந்த அதே இழுவையைப் பக்கம் மாத்திக் காவலுக்கு நிறுத்திட்டார். 1939-ல ஃபோர்டோட சேர்ந்து 9என்-ங்கிற டிராக்டர்ல இது பெருசா வெளிய வந்துச்சு. இன்னிக்கு நம்ம ஊர் டிராக்டர்ல பின்னால பாக்குற மூணு கையும் அதுதான். மாஸி ஃபெர்குசன்ல இருக்குற ஃபெர்குசன் இவர்தான்.

ஆனா சேத்துல வெறும் சக்கரம் மாட்டுனதுக்கு இந்த மூணு கையும் உதவாது. பின்னால கலப்பை மண்ணுல இருந்தாத்தானே தள்ளுறதுக்கு? அதுக்கு வேற காவல் வேணும். ஓட்டுறவர் தலைக்கு மேல வர்ற இரும்புக் கூண்டு, கூடவே சீட் பெல்ட். ஸ்வீடன் 1959-லயே புது டிராக்டருக்கு இந்தக் கூண்டைக் கட்டாயமாக்குச்சு. நம்ம வயல்ல ஓடுறதுல பெரும்பாலும் வெயிலுக்குப் போட்ட கூரைதான் இருக்கும், அது கவிழ்ந்தா நசுங்கும்.

அப்போ மாட்டுன டிராக்டரை எப்படி எடுக்குறது? சக்கரத்துக்குப் பின்னால இருக்குற சேத்தை மண்வெட்டியால எடுத்துட்டு ரிவர்ஸ்ல வாங்க. ரிவர்ஸ்ல எல்லாமே தலைகீழ். சக்கரம் இடஞ்சுழி, உடம்பு மேல வலஞ்சுழி. எவ்வளவு முறுக்கினாலும் மூக்கு மண்ணைத்தான் அழுத்தும். அதுவும் வரலைன்னா எஞ்சினை நிறுத்திட்டு இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்க. இழுக்குறவர் தன் வண்டியில கயிறை அச்சுக்குக் கீழ, இழுவைக் கொக்கியில கட்டணும். அச்சுக்கு மேல கட்டினா அவரோட மூக்கு தூக்கும். ஏன்னு இப்போ நீங்களே ஒரு படம் போட்டுச் சொல்லிடுவீங்க. கயிறு பின்னால இழுக்குது, அச்சுக்கு மேல. எந்தப் பக்கம் முறுக்கும்?

விடையை கமெண்ட்ல போடுங்க. அடுத்த வாரம் டிஃபரன்ஷியல்: ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்துறப்போ டார்க் மட்டும் எப்படி சரிபாதியாப் பிரியுதுன்னு பாப்போம். வரட்டுமா மக்களே.